பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

கறுப்புப் பனியனில் ஏற்ற இறக்கமாக நான்கு வெள்ளைப் பட்டைகள். இந்தச் சின்னத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது போட்டுக்கொண்டு திரியவும் கூடும். துணிக் கம்பெனி முத்திரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஓர் இசைக்குழுவின் சின்னம். குழுவின் பெயர் பிளாக் ஃபிளாக். கறுப்புக்கொடி என்றதும் நமக்கு ஆர்ப்பாட்டம் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு பூச்சி மருந்தும் உண்டு! அந்த நான்கு பட்டைகளும் காற்றில் அசைகிற கொடியைக் குறிக்கின்றன.

இவர்களுடைய முதல் முழு ஆல்பம் 'டேமேஜ்ட்' 1981 டிசம்பரில் வந்தது. மொத்தம் 15 பாட்டு, சுமார் 35 நிமிடம். நம் பள்ளியில் ஒரு பாடவேளைக்குள் கேட்டு முடித்துவிடலாம். இத்தனை வருடம் கழித்தும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். ஏன் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1976, 77இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் பங்க் இசை பரவியது. கலிபோர்னியாவின் கடற்கரைச் சிற்றூர்ப் பையன்கள் அதை எடுத்து இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் முரட்டுத்தனமாக ஆக்கினார்கள். அதற்கு ஹார்ட்கோர் என்று பெயர் வந்தது. பிளாக் ஃபிளாக் குழு 1976இல் ஹெர்மோசா பீச் என்ற ஊரில் வேறு பெயரில் தொடங்கியது. தொடங்கியவர் கிரெக் ஜின், பொருளாதாரம் படித்த கிட்டார்க்காரர். பள்ளிப் பருவத்திலேயே வானொலிக் கருவிகளைத் தபால் மூலம் விற்று எஸ்.எஸ்.டி. என்று சின்னத் தொழில் நடத்திய பையன் அவர். எந்தக் கம்பெனியும் தங்கள் பாட்டை வெளியிட முன்வராதபோது, அந்த எஸ்.எஸ்.டி.யையே இசைத்தட்டுக் கம்பெனியாக மாற்றிவிட்டார். அவருடைய தம்பி ரேமண்ட் பெட்டிபான்தான் அந்த நான்கு பட்டைகளை வரைந்தவர். இன்று பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. இந்த அண்ணன் தம்பியின் அப்பா ஓர் ஆங்கில ஆசிரியர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹென்றி ராலின்ஸ் குழுவுக்குப் பாட வந்தது 1981 கோடையில். அப்போது அவருக்கு வயது 20, வாஷிங்டனில் ஒரு ஐஸ்கிரீம் கடையின் மேலாளர். குழுவின் ரசிகர். நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சியில் மேடையேறி ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார். அதுவரை பாடிக்கொண்டிருந்த டெஸ் கடேனாவுக்குத் தொண்டை கெட்டுப்போய், கிட்டாருக்கு மாறிவிடலாம் என்ற யோசனையில் இருந்த நேரம். உடனே ராலின்ஸைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் ஆல்பம் தயார்.

இப்போது பாட்டுகளுக்கு வருகிறேன். முதல் பாட்டு 'ரைஸ் அபவ்'. நம்மை அடக்கப் பார்க்கிறவர்களைத் தாண்டி எழுவோம் என்று கூட்டமாகச் சேர்ந்து முழங்குவது. மெட்டு ஏறக்குறைய ஊர்வலக் கோஷம் மாதிரி இருக்கும், ஒரு தடவை கேட்டால் போதும். முதல் பக்கத்தில் கேலிப் பாட்டுகளும் உண்டு. நண்பர்கள் கூடி, உலகத்தையே மறந்து டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கிண்டல் செய்யும் பாட்டை இன்றைக்கு செல்போனை வைத்துக்கொண்டு கேட்டாலும் உறைக்கும். குடிகாரனைப் பற்றிய பாட்டும் அப்படித்தான். அதைக் குடியைப் புகழும் பாட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கத்தை நேர்ப்பொருளில் வாசிக்கிற பழக்கத்தை எந்த வகுப்பில்தான் திருத்த முடிந்தது!

இரண்டாம் பக்கம் வேறு. மனச்சோர்வு, தனி அறை, தன்மேலேயே தனக்கு வெறுப்பு, வலி. கடைசிப் பாட்டில் வேகம் முழுக்க இறங்கி, கிட்டார் இழுத்து இழுத்து வர, ராலின்ஸ் பாடுவதை விட்டுவிட்டுப் புலம்புகிறார், கத்துகிறார். உண்மையைச் சொன்னால் இந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் கேட்க எனக்கு முடியவில்லை, இரண்டு நாள் ஆயிற்று. ஒலிப்பதிவும் கரடுமுரடு. டிரம்ஸ் வாசித்த ரோபோ கையில் போட்டிருந்த வளையல்கள் குலுங்கும் சத்தம்கூடப் பதிவில் விழுந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனிடம் "என்னப்பா, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்பான். ஆசிரியராக இருந்த யாருக்கும் இந்தப் பதில் தெரியும். அந்த ஒண்ணுமில்லைக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதை இந்த ஆல்பம் மறைக்காமல் போட்டு உடைக்கிறது. அறிவுரையும் சொல்வதில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதலும் சொல்வதில்லை. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, இன்னொருவனுக்கும் இப்படித்தான் என்று தெரிவதே பெரிய துணை.

அட்டைப்படத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ராலின்ஸ் கண்ணாடியைக் குத்தி உடைத்து கையெல்லாம் ரத்தமாக நிற்பது போன்ற படம். கண்ணாடியில் விரிசல் விட்டது சுத்தியலால். ரத்தம், சிவப்பு மையோடு காபித்தூளும் கலந்தது. ஆண்டுவிழா நாடகத்துக்கு நாம் குங்குமம் கரைத்த கதைதான்.

இனி வம்புக்கு வருவோம். யூனிகார்ன் என்ற கம்பெனி வழியாக எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் ஆல்பத்தைக் கடைகளுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. எம்.சி.ஏ. விநியோகப் பிரிவின் தலைவர் ஆல் பெர்காமோ அதைக் கேட்டுவிட்டு, ஒரு பெற்றோர் என்ற முறையில் இது பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டு, அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கணக்குவழக்குத் தகராறுதான் உள்காரணம் என்று பின்னாளில் சொன்னவர்களும் உண்டு. குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் சொன்னதையே ஸ்டிக்கராக அச்சடித்து, அட்டையில் எம்.சி.ஏ. முத்திரை இருந்த இடத்தின் மேல் ஒட்டி விற்றார்கள்! ஒரு வாத்தியார் மகன் செய்த வேலை. அந்தப் பாட்டுகளில் பெற்றோரைத் திட்டும் இடத்தைத் தேடிப் பாருங்கள், அநேகமாக ஒன்றும் அகப்படாது. திட்டு வாங்குபவன் பெரும்பாலும் பாடுகிறவன்தான்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். யூனிகார்னோடு வழக்கு முற்றி, குழுவின் பெயரில் புது இசைத்தட்டு வெளியிட நீதிமன்றம் தடை போட்டது. பழைய பதிவுகளைக் குழுவின் பெயர் இல்லாமல், வாசித்தவர்கள் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டார்கள். அதுவும் தடையை மீறியது என்று ஜின்னும் பேஸ் கிட்டார் வாசித்த சக் டுகோவ்ஸ்கியும் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள். 1986இல் குழு கலைந்தது.

ஆல்பத்தின் கதை அதோடு முடியவில்லை. 1993இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான கொலை. பதின்வயதுப் பையன்கள் மூவரைப் பிடித்தார்கள். கொலையோடு அவர்களைச் சேர்த்துக் கட்டும் உறுதியான தடயம் இல்லை. சாத்தான் வழிபாடு என்று கதை எழுந்தது. கறுப்புச் சட்டை போட்டது, மெட்டல் இசை கேட்டது, படித்த புத்தகங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் பேச்சாயின. 1994இல் டேமியன் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள்.

ஹென்றி ராலின்ஸ் இதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. 2002இல் பிளாக் ஃபிளாக்கின் 24 பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து, வரும் பணம் அந்த மூவரின் வழக்குச் செலவுக்கு என்று அறிவித்தார். இகி பாப், லெம்மி, சக் டி எல்லாம் வந்து பாடிக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்புக்கு வைத்த பெயர் 'ரைஸ் அபவ்', அந்த முதல் பாட்டின் பெயரேதான். வெளியே தெரிந்த வேறு பலரும் அந்த மூவருக்காகப் பேசினார்கள். மரபணுப் பரிசோதனையில் அவர்களோடு பொருந்தியது எதுவும் கிடைக்கவில்லை. 2011 ஆகஸ்ட் 19 அன்று மூவரும் வெளியே வந்தார்கள். பதினெட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு! அதுவும் முழு விடுதலை இல்லை. நிரபராதி என்று சொல்லிக்கொண்டே சட்டப்படி குற்றத்தை ஏற்கும் ஒரு விசித்திரமான ஏற்பாடு. எக்கோல்ஸ் இன்னும் தன் பெயரைத் துடைக்கப் போராடிக்கொண்டிருக்கிறார்.

பாட்டைக் கேட்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், என் வயதுக்காரர்கள் முக்கியமாக. வீட்டில் அந்தப் பனியன் போடுகிற பிள்ளை இருந்தால், அவர்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டு கமெண்டில் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.