பெயர்ப் பொருத்தம்

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஜாதகப் பொருத்தம் எப்படியோ, கதை எழுதுகிறவனுக்குப் பெயர்ப் பொருத்தம் அப்படி. கதாநாயகனுக்குப் பெயர் வைப்பதில் கஷ்டமில்லை. ராஜு, பாஸ்கர், சேகர் என்று எதை வைத்தாலும் அவன் பிழைத்துக்கொள்வான். கதாநாயகி விஷயம் வேறு. பெயரை எழுதிய மாத்திரத்திலேயே அவள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பாதித் தீர்ப்பை எழுதியாகிவிடுகிறது. நாவலைவிடச் சினிமாவில் இது இன்னும் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்ப காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இருக்கவில்லை. 1931-ல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கிய பிறகு சில வருஷங்களுக்குப் புராணங்களும் நாடகக் கொட்டகைகளுமே கதாநாயகிகளைத் தயாராகக் கொடுத்துவந்தன. வள்ளி, பவளக்கொடி, சகுந்தலை! வள்ளி என்றால் முருகனைத்தான் மணப்பாள். டிக்கெட் வாங்கும்போதே முடிவு தெரியும். 1936-ல் டி. பி. ராஜலட்சுமி தம்முடைய நாவலைத் தாமே டைரக்ட் செய்து 'மிஸ் கமலா' என்று வெளியிட்டார். கமலா என்ற பெயரில் புதுமை ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் அந்த 'மிஸ்'ஸைப் பாருங்கள்! இன்னார் மகள், இன்னார் மனைவி என்ற விலாசம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தலைப்பிலேயே வந்து நின்றுவிட்டாள்.

ஆனால் பெயரே கதையாகிப் போனது 1939-ல், கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி'யில்தான். கல்கியின் கதை, ஆனந்த விகடனில் படக் காட்சிகளுடன் தொடர்கதையாகவும் வந்தது. சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி. புராணத்துச் சாவித்திரி எமனோடு வாதாடிப் புருஷனை மீட்டவள். இந்தச் சாவித்திரியோ புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள். பெற்ற குழந்தையைத் தகப்பனார் பக்கத்தில் விட்டுவிட்டு மறைகிறாள். சில வருஷங்கள் கழித்துப் பெரிய செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வரும்போது அவள் பெயர் உமாராணி! இப்போது அந்தப் புருஷனுக்குத் திடீரென்று தாம்பத்திய நினைவு வந்துவிடுகிறது. சேர்ந்து வாழ வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்கிறாள்.

அந்த நாளில் சென்னை ராஜதானியில் ஹிந்துப் பெண்ணுக்கு விவாகரத்துச் சட்டம் கிடையாது. பார்லிமெண்டில் ஹிந்து விவாகச் சட்டம் நிறைவேறியது 1955-ல். அதற்குப் பதினாறு வருஷங்களுக்கு முன்னாலேயே இவ்வளவு பெரிய வார்த்தையைத் திரையில் சொல்ல ஒரு பெண் வேண்டியிருந்தது. சாவித்திரி என்ற பெயரை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உமாவும் அம்பாள் பெயர்தான். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்ட அந்த 'ராணி' அம்பாளின் மஞ்சள் குங்குமத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வைர நெக்லஸைப் பூட்டிவிடுகிறது. சாவித்திரியால் பேச முடியாததை உமாராணி பேசினாள்.

பெயர் முதலில் பிறந்து கதை பின்னால் பிறந்ததும் உண்டு. ஜெமினி கதை இலாகாவினர் சந்திரலேகா என்ற அசகாய சூரியைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து, அதில் மிளகாய்ப் பொடியைத் தூவுகிறவள்! எஸ். எஸ். வாசன் கதையைத் தள்ளிவிட்டார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். 1948-ல் வந்த 'சந்திரலேகா' முரசுகளின் மேல் நடனம் ஆடினாள். மிளகாய்ப் பொடிக்காரி வந்திருந்தால் தமிழ்ப் படம் வேறு திசையில் போயிருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சபலம்.

1952-ல் 'பராசக்தி' வந்தது. அதில் தங்கையின் பெயர் கல்யாணி. கைம்பெண்ணாகி, பசியினால் பெற்ற குழந்தையையே கொல்லத் துணிந்த நிலைக்கு வந்தவள். கோர்ட்டில் நிற்கும் அண்ணன் அந்த மங்களகரமான பெயரையே எடுத்து, பெயருக்கும் கழுத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டி வாதாடுகிறான். பெயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய வசனகர்த்தா கருணாநிதி. எனக்குத் தெரிந்தவரை அதற்கு முன் எந்தத் தமிழ்ப் படத்திலும் ஒரு பெண்ணின் பெயர் அவ்வளவு உரக்க விசாரிக்கப்பட்டதில்லை.

அடுத்த மூன்றாம் வருஷம், 1955-ல், 'மிஸ்ஸியம்மா'. வேலை கிடைப்பதற்காகப் புருஷன் பெண்சாதியாக நடிக்கும் இருவரில் பெண் மேரி, கிறிஸ்துவப் பெண். பையன் ஹிந்து. இருவருக்கும் பிரியம் உண்டாகிறது. இனி என்ன செய்வது? மேரி உண்மையில் சிறு வயதில் காணாமல் போன மகாலட்சுமி என்று தெரிகிறது! சிக்கல் தீர்ந்தது, கெட்டி மேளம். நான் மிகவும் ரசித்த படம்தான். ஆனாலும் அந்த மகாலட்சுமியை என்னால் மன்னிக்க முடிவதில்லை. கதை தாண்ட வேண்டிய ஆற்றைப் பெயர் என்ற பரிசலில் ஏற்றிக் கடத்திவிட்டார்கள். 2010-ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸிக்கு அந்தப் பரிசல் கிடைக்கவில்லை. அவள் கடைசி வரையில் ஜெஸ்ஸியாகவே இருந்தாள். கல்யாணமும் வேறிடத்தில் நடந்தது. கண்ணீருக்கு அதுதான் காரணம், நேர்மைக்கும் அதுதான்.

ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' 1959-ல் வந்தபோது வேறொரு காரியம் நடந்தது. அக்காள் கீதா, தங்கை வசந்தி. இந்தப் பெயர்களிலிருந்து ஊரைச் சொல்ல முடியாது. ஜாதியைச் சொல்ல முடியாது. குலதெய்வத்தைச் சொல்லவே முடியாது. 'பாசமல'ரின் ராதாவும் அப்படித்தான். எந்த வீட்டுக்காரரும் இது நம் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொள்ளலாம். சாமர்த்தியமான ஏற்பாடு. ஜாதி தெரியாத பெயர் ஒருவிதத்தில் விடுதலைதான். ஆனால் ஜாதி தெரிந்துவிடும் பெயர்களெல்லாம் எங்கே போயின என்று பார்த்தால், வீட்டு வேலைக்காரி முனியம்மாவாக அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தன.

1977-ல் '16 வயதினிலே' வந்தபோது கிராமமே திரைக்கு வந்துவிட்டதென்று கொண்டாடினோம். நியாயமான கொண்டாட்டம். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். தாயார் பெயர் குருவம்மா. மகள் பெயர் மயில்! குருவம்மா அந்த மண்ணின் பெயர். மயில் கவிஞனின் பெயர். பாரதிராஜா தாயை ஊரிலிருந்து அழைத்து வந்தார். மகளைக் கனவிலிருந்து அழைத்து வந்தார். 1985-ல் 'முதல் மரியாதை'க்குக் குயில் வந்தாள். மூக்காயியும் பேச்சியும் இன்னும் வாசலில் காத்திருந்தார்கள்.

அந்தக் கடனை அவரே 1994-ல் தீர்த்தார். படத்தின் பெயரும் நாயகியின் பெயரும் 'கருத்தம்மா'. பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தைப் பற்றிய கதை. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான், 1992-ல், அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நம் ஊர்களில் பெண் குழந்தை பிறந்து அலுத்துப்போனவர்கள் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடுவதுண்டு. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று கூப்பிட, உள்ளேன் ஐயா என்று ஒரு குழந்தை எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த உலகத்திலிருந்து வந்தவள் கருத்தம்மா. பிறந்தவுடன் கொல்லப்படாமல் தப்பி, வெளியே வளர்ந்த அவள் தங்கைக்குப் பெயர் ரோஸி. ஒரே வயிறு, உயிர் தப்பியவளுக்கு வேறு ஊர், வேறு பெயர்.

சீதையை மட்டும் சினிமா விட்டபாடில்லை. 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் நோயாளிக் கணவன், தான் இறந்தால் பழைய காதலனையே மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பெயர் சீதா! ஸ்ரீதர் தெரிந்தேதான் வைத்திருப்பார். 1969-ல் பாலசந்தரின் 'இரு கோடுக'ளில் கைவிடப்பட்ட ஜானகி வனத்துக்குப் போகவில்லை. படித்துக் கலெக்டராக வந்தாள். கைவிட்டவர் அவள் ஆபீஸிலேயே குமாஸ்தா.

2018-ல் '96' படத்தில் வந்த ஜானகி தேவியைப் பள்ளித் தோழர்கள் ஜானு என்கிறார்கள். காதலன் பெயர் ராமச்சந்திரன். பழைய ஆளாகிய நான் உடனே அசோகவனத்தைத் தேடத் தொடங்கினேன். தேவையே இருக்கவில்லை. அவள் வீட்டார் அந்தப் பெயரை ராமாயணத்திலிருந்து எடுக்கவில்லை, பாடகி எஸ். ஜானகியிடமிருந்து எடுத்திருந்தார்கள். பெண்ணும் நன்றாகப் பாடினாள்.