நோயும் கொடையும்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ராசிபுரம் வட்டாரத்தில் திருமணமோ காதணி விழாவோ நடைபெறும் வீட்டில் மொய் எழுதும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. அங்கே வைக்கப்படும் பணம் கொடையும் அன்று, கடனும் அன்று. இரண்டும் கலந்த ஓர் உறவுக் கணக்கு அது. இன்று பெற்றதை நாளை திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதே அக்கணக்கின் விதி. கொடுப்பவர் முகம் வாடுவதில்லை. பெறுபவர் தலை குனிவதுமில்லை. ஆனால் நோய்க்கு மொய்க் கணக்கு இல்லை. நெடுங்காலம் நீளும் நோய் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, அவ்வீட்டார் திருப்பித் தர இயலாத ஒன்றைப் பிறரிடம் கேட்க வேண்டியவராகின்றனர். மருத்துவத்திற்காக நிதி திரட்டும் வரலாறு இந்த மனச்சங்கடத்திலிருந்தே தொடங்குகிறது.

தமிழகத்தில் பெரிய மருத்துவமனைகள் சில எழுந்ததே கொடையால்தான். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடர், இந்தியாவுக்குத் திரும்புமுன் அமெரிக்காவில் மருத்துவமனைக்கென நிதி திரட்ட முனைந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அத்தொகையைக் கொண்டு வேலூரில் 1902இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனத்தில்தான், 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கென இந்நாட்டின் முதல் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறைப் பணியைத் தொடங்கினார். மூளை, நரம்பு நோய்கள் என்றால் விதி என்று ஒதுங்கியிருந்த மக்களுக்கு, சென்று பார்க்க ஓரிடம் உண்டு என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

சேலம் சமவெளிக்கு அந்த நம்பிக்கை அருகில் வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கப்பட்டது. 1997 தொடக்கத்திலிருந்து தனி மாவட்டமாக இயங்கிவரும் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022இல்தான். இடைப்பட்ட காலத்தில், 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. அறுவை மருத்துவத்துக்காக நிலத்தையும் நகையையும் விற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு இவை பேருதவி புரிந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சைக்கே இத்தகைய திட்டங்கள் பெரிதும் பொருந்துவன. வாழ்நாள் முழுதும் உடன்வரும் நோய்க்கு அவை போதா.

அத்தகைய நோயொன்றைத் தாங்கியவாறே பிறருக்காக நிதி திரட்டியவர்கள் சேலத்தைச் சேர்ந்த உடன்பிறந்த சகோதரியர் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் ஆவர். இருவரும் தசைச்சிதைவு நோயால் தாக்கப்பட்டவர்கள். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் அந்நோயை அடியோடு நீக்கும் மருந்து அவர்களுக்குக் கிட்டும் நிலையில் இல்லை. ஆயினும் அவர்கள் ஆதவ் அறக்கட்டளையை நிறுவி, தம்மைப்போன்ற நோயாளிகளுக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் கிடைக்கப் பாடுபட்டனர். இலக்கிய வாசகர்களான அவர்களுக்கு எழுத்துலகத்தாரும் நண்பர்களாக இருந்தனர். கீதா இளங்கோவன் இயக்கிய ‘நம்பிக்கை மனுஷிகள்’ என்னும் ஆவணப்படம் அவர்களைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. வானவன் மாதேவி 2017 சனவரியில் மறைந்தார்.

இச்சகோதரியரின் பணியில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. குணமாகிவிடும் என்ற வாக்குறுதியை முன்வைத்து அவர்கள் பொருள் கேட்கவில்லை. குணமாகாத நோயாளிக்கும் உடற்பயிற்சி மருத்துவம் வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும், உண்பிக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் ஒரு துணை வேண்டும் என்பதே அவர்களது வேண்டுகோளாக இருந்தது. வியப்பூட்டும் மீட்சிக் கதைக்குக் கொடுப்பவர்கள் பலர். நாள்தோறும் தேவைப்படும் பராமரிப்புக்குக் கொடுப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரைத் தேடிச் சேர்த்ததே அவர்களது சாதனை.

2021இல் நிதி திரட்டலின் அளவே மாறியது. முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோய் என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிவதால் உண்டாவது. வெர்ட்னிக், ஹாஃப்மன் ஆகிய மருத்துவர்கள் 1890களில் இதனை விவரித்தனர். இதற்குக் காரணமான மரபணுவை 1995இல் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழுவினர் கண்டறிந்தனர். தாய், தந்தை இருவரும் நோயின்றியே அம்மரபணுக் குறையைத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோல்ஜென்ஸ்மா, குறையுள்ள மரபணுவுக்கு ஈடாக நல்லதொன்றை உடலுக்குள் செலுத்துகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் விலை அங்கே 21 லட்சம் டாலருக்கும் மேல்; நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 16 கோடி ரூபாய்.

நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒரு குழந்தைக்கு இம்மருந்து தேவைப்பட்டது. விசைத்தறி நகரமான அவ்வூரின் செய்தி உலகத் தமிழர்களிடையே பரவியது. பொதுமக்களின் கொடையால் தொகை திரண்டது. இறக்குமதி வரியாக மட்டும் சுமார் 6 கோடி ரூபாய் செலுத்த நேரும் நிலையில், 2021 சூலையில் நடுவண் அரசு அவ்வரியைத் தள்ளுபடி செய்தது.

அதே மாதத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவதாகும். அதே நோயுடன் சக்கர நாற்காலியில் வாழ்ந்த சிறுமி ஒருத்தி, தான் படும் துன்பம் தன் தம்பிக்கு வரக்கூடாது என்று மக்களிடம் வேண்டினாள். அவளுக்கு அம்மருந்துக்குரிய வயது கடந்துவிட்டிருந்தது. தேவைப்பட்டது 18 கோடி ரூபாய். சில நாட்களில் திரண்டதோ 46 கோடிக்கும் மேல். மிகுந்த தொகை அந்நோயுள்ள பிற குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. தம்பிக்காகக் கேட்ட அச்சிறுமி 2022 ஆகஸ்டில் இறந்தாள்.

மக்களின் ஈரநெஞ்சுக்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அதன் எல்லையையும் இதுவே காட்டுகிறது. ஓரிடத்தில் தேவைக்கு இரு மடங்குக்கு மேல் குவிகிறது. வேறிடத்தில் வேண்டுகோள் எவர் காதிலும் விழுவதில்லை. குழந்தை முகத்துக்குக் கிடைக்கும் இரக்கம், அதே நோயுடைய இளைஞருக்கும் நடுவயதினருக்கும் கிடைப்பது அரிது. யார் பிழைப்பது என்பதை ஒரு படமோ ஒரு குரலோ முடிவு செய்யும் நிலை, அறத்தின் வெற்றியாகத் தோன்றினும் நீதியின் வெற்றி ஆகாது.

அரசின் கடமை இங்கேதான் முன்னே வருகிறது. 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் உதவியின் உச்சவரம்பு நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது 16 கோடியில் 32இல் ஒரு பங்கே. 2021 செப்டம்பரில் சரக்கு, சேவை வரிக் குழு இம்மருந்தின் தனிப்பட்ட இறக்குமதிக்கு வரிவிலக்குப் பரிந்துரைத்தது. அக்கொள்கையில் இடம்பெற்ற அரிய நோய்களுக்கான மருந்துகளைத் தம் பயன்பாட்டிற்கெனத் தருவிப்போருக்கு, 2023 ஏப்ரல் முதல் சுங்கவரி விலக்கப்பட்டது. முன்பு ஒவ்வொரு பெற்றோரும் தில்லிக்கு விண்ணப்பித்துப் பெற்ற சலுகை, இவ்வாறு பொது விதியாயிற்று.

விலையிலும் ஒரு திருப்பம் வந்தது. இந்நோய்க்கு வாய்வழியாக உட்கொள்ளும் ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்து குப்பி ஒன்று 6 லட்சம் ரூபாய் அளவில் விற்றது. காப்புரிமை வழக்கில் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு இந்திய நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்ததை அடுத்து, 2025 அக்டோபரில் நாட்கோ நிறுவனம் அதன் குப்பியை 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தாதலின் இதுவும் எளிய குடும்பங்களுக்குச் சுமையே. எனினும், கோடிகளைத் திரட்டி அடைய முடியாத ஒன்றை, விலையைத் தீர்மானிக்கும் விதி மாறியதால் அடைய முடிந்தது என்பது கருதத்தக்கது.

கொடை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மருத்துவமனைகளை எழுப்பியதும், குமாரபாளையத்துக்குக் கோடிகளைச் சேர்த்ததும், சேலத்துச் சகோதரியரின் கனவுக்குத் துணைநின்றதும் கொடையே. ஆனால் நோயுற்றவர் தம் துன்பத்தைத் தெருவில் பரப்பிக் காட்டித்தான் மருந்து பெறவேண்டும் என்ற நிலை மாற வேண்டும். உழைத்து வரி செலுத்தும் மக்கள் அனைவரும் அரசிடம் முன்கூட்டியே மொய் எழுதியவர்களே. அவர்கள் வீட்டில் நோய் வரும் நாளில் அந்தக் கணக்கைத் தீர்ப்பது அரசின் கடன். பெறுவது அவர்களின் உரிமை.