வெள்ளிக் கோட்டில் ஒரு சிறுவன்

அரசர், குருமார், பெருஞ்செல்வர் ஆகியோரின் முகங்களே பெரும்பாலும் ஓவியத்தில் இடம்பெற்ற காலம் அது. 1484 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகன், கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்தான். அவன் பெயர் ஆல்பிரெக்ட் டியூரர். 1471 இல் பிறந்த அவனுக்கு அப்போது வயது பதின்மூன்றளவே.

அவனுடைய முன்னோர் ஹங்கேரி நாட்டில் மாடும் குதிரையும் வளர்த்துப் பிழைத்தவர்கள். பாட்டனார் பொற்கொல்லர் தொழிலைக் கற்றார். தந்தை அத்தொழிலுடன் 1455 இல் நியூரம்பர்க் வந்து சேர்ந்தார். அவருக்குப் பிறந்த மக்கள் பதினெண்மர். வளர்ந்து நிலைத்தவர் மூவரே. இவற்றை நாம் அறிவது, டியூரர் 1524 இல் தொகுத்து எழுதிய குடும்ப வரலாற்றினால்.

சிறுவன் கையாண்டது வெள்ளி முனைக் கோல். எலும்புப் பொடியும் பசையும் போன்றவை பூசிய தாளின்மீது அக்கோலை இழுத்தால் வெள்ளி நுண்ணிதாகப் படியும். நாளடைவில் அக்கோடு பழுப்பாகும். ஒருமுறை இட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு கோட்டையும் எண்ணித் துணிந்தே இடவேண்டும். பட்டறையில் உலோகத்தோடு பழகிய கைக்கு இத்துணிவு வந்ததில் வியப்பில்லை.

அப்படத்தில் சிறுவன் பக்கவாட்டில் திரும்பி, சுட்டுவிரலை நீட்டி நிற்கிறான். மற்றொரு கை சட்டைக்கையினுள் மறைந்துள்ளது. நீட்டிய விரலில் பயிலாத கையின் விறைப்பைக் காண்கிறோம். ஆயினும் மென்மையான கன்னமும் கூர்ந்த பார்வையும் உயிருடன் நிற்கின்றன.

மகன் ஓவியம் கற்க விரும்பியபோது, பொற்பணி பயின்ற காலம் வீணாயிற்றே என்று தந்தை வருந்தினார். எனினும் இசைந்து, 1486 நவம்பர் 30 அன்று மிக்கேல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் பயிற்சிக்கு விட்டார். அங்கு உடன் பயின்றோரால் துன்புற்றதையும் டியூரர் மறைக்காமல் எழுதியுள்ளார். துன்பம் அவரை விரட்டவில்லை. 1493, 1498, 1500 ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய தன்னுருவ ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன.

புகழ் வந்தபின் பிள்ளைப்பருவத் தாளை அவர் எறிந்துவிடவில்லை. 1484 இல், தாம் சிறுவனாயிருந்தபோது கண்ணாடியைப் பார்த்து வரைந்தது இது என்னும் கருத்துப்படத் தம் கையாலேயே அதன்மேல் எழுதிவைத்தார். அத்தாள் வியன்னா நகரின் ஆல்பர்டினா காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

இளைஞர்களே! பிறர் நம்மை வரையட்டும் என்று காத்திருந்தால் நம் முகம் வரலாற்றில் இராது. முதல் முயற்சியில் விரல் விறைத்திருக்கலாம், அதற்காக நாணவேண்டாம். ஆண்டைக் குறித்து, பெயரை எழுதி, அத்தாளைக் காத்து வைப்போம். வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.