‘நைஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பேசுவோர் வாயில் ‘நைஸ்’ என்னும் அடைமொழியைப்போல் அடிக்கடி வரும் சொற்கள் மிகச் சிலவே. நல்ல மனிதர், சுவையான உணவு, இதமான காலைப்பொழுது ஆகிய அனைத்தையும் பாராட்ட அந்த ஒரு சொல்லே போதும். ஆயினும் இன்று பாராட்டாக வழங்கும் இச்சொல் ஒருகாலத்தில் வசையாக இருந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

இதன் வேர் இலத்தீன் மொழியிலுள்ள ‘நெஸ்கியுஸ்’ என்பதாகும். அறியாதவன் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் அது உருமாறிப் பேதைமையைக் குறிக்கலாயிற்று. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்திற் கலந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. 14 ஆம் நூற்றாண்டிற் கவிதை இயற்றிய சோசர் மடமை என்னும் பொருளில் இதனை ஆண்டார்.

பேதைமையிலிருந்து இனிமைக்கு இச்சொல் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. கூச்சம், எதையும் எளிதில் ஏற்காத இயல்பு, நுணுகி ஆராயும் தன்மை எனப் பல படிகளை அது கடந்தது. சிறுமை, அற்பம் என்ற பொருளும் இடையில் வந்து சேர்ந்தது. சேக்சுபியரின் ‘ரோமியோவும் யூலியற்றும்’ நாடகத்திலே, தாம் அனுப்பிய மடல் ரோமியோவை எட்டவில்லை என்று அறிந்த துறவி லோரன்சு, அது ‘நைஸ்’ அன்று எனக் கலங்குகிறார். மடல் இனிமையானதன்று என இன்றைய மாணவன் பொருள்கொண்டால் காட்சியே சிதைந்துவிடும். அது அற்பமானதன்று என்பதே துறவியின் கருத்து. இரு காதலரின் உயிரும் அம்மடலைப் பற்றியே நின்றன.

18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இனிமைப் பொருள் பரவியது. அதனை எல்லோரும் விரும்பினரல்லர். யேன் ஓசுற்றின் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ‘நோதாங்கர் அபி’ என்னும் நாவலில், நூலொன்றை ‘நைஸ்’ எனப் புகழும் இளம்பெண்ணை என்றி தில்னி என்பவன் எள்ளுகிறான். செம்மையையும் நேர்த்தியையும் குறித்த சொல்லை இன்று எதற்கும் வழங்குகிறார்களே என்பது அவன் குறை. ஆனால் தொன்மையை நாடிய அவனும் பாதி வழியிலேயே நின்றுவிட்டான். செம்மைக்கும் முந்தியது பேதைமை அன்றோ!

பழைய பொருள்கள் அனைத்தும் மறைந்துவிடவுமில்லை. ‘நைஸ்’ ஆன வேறுபாடு என்று ஆங்கில அறிஞர் கூறுவது நுண்ணிய வேறுபாட்டையே. கடல்கடந்து தமிழ்ப் பேச்சிற் கலந்த பின்னும் இச்சொல் அந்த நுண்மையை இழக்கவில்லை. மாவை நைசாக அரைத்தல் என்னும்போது அங்கே நிற்பது இனிமையன்று, நுண்மையே. ஒருவன் நைசாக நழுவினான் என்னும்போதோ, ஆங்கிலேயரும் அறியாத புதுப் பொருளொன்று பிறந்துவிடுகிறது.

வேரைக் காட்டி, இதுவே மெய்ப்பொருள் என வழக்காடுவோர் இச்சொல்லிடம் தோற்பர். சொல்லுக்குப் பொருள் தருவது வேரன்று, வழங்கும் மக்களே. ஆதலால் பழைய நூலொன்றைத் திறப்பவர் சொல்லை அறிந்தால் மட்டும் போதாது. அது வழங்கிய காலத்தையும் அறிதல் வேண்டும்.