இயந்திரங்களின் தாய்

அரசர்கள் முடிசூடியதையும் படைகள் பொருததையும் வரிசைப்படுத்திக் கூறுவதே வரலாறு என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மக்கள் உண்டதும் உடுத்ததும் உழைத்ததும் எவ்வாறு என்று ஆராயத் தொடங்கிய பின்னரே கருவிகளுக்கும் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. கலப்பைக்கும் தறிக்கும் கப்பலுக்கும் வரலாறு எழுதிய அறிஞர் பலர். ஆயின், அக்கருவிகளைச் செய்து தரும் கருவிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஏனைய இயந்திரங்களின் உறுப்புகளையெல்லாம் ஈன்று தருவதால் இவற்றை இயந்திரங்களின் தாய் என்று கூறுவர். ஒரு சமூகத்திடம் இத்தாய் இல்லையாயின், அச்சமூகம் பிறரிடம் வாங்கிய பொருள் பழுதுறும் நாளில் கையற்று நிற்க நேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டினராகிய நாம் இவ்வுண்மையைப் பட்டறிந்தவர்கள். ஆதலின், அந்தத் தாயின் வரலாறு நமக்கு அயலானதன்று.

இவ்வினத்தில் மூத்தது கடைசல் இயந்திரம். நம் பட்டறைகளில் லேத் என்றே அதனை அழைப்பர். அதில் பொருள் சுழலும். உளி அசையாது நின்று அதனைச் சீவும். கட்டிற் காலும் அச்சாணியும் போன்ற உருளை வடிவங்கள் அதனாலே கிடைக்கும். அதன் இளவலே துருவல் இயந்திரம். மில்லிங் மெஷின் என்பதும் அதுவே. இங்கே முறை மாறுகிறது. பல பற்களையுடைய வெட்டுளி சுழல, மேசைமேல் இறுகப் பிணித்த உலோகத் துண்டு அதனை நோக்கி நகரும். நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என மூன்று திசைகளிலும் நகர்த்தும் வசதி இருப்பதால் தட்டையான முகங்களையும் பள்ளங்களையும் பற்சக்கரங்களையும் அதில் வெட்டலாம். இன்று உலகெங்கும் ஆர்வலர் சிலர், எண்களின் கட்டளைப்படி தானே இயங்கும் துருவல் இயந்திரத்தைத் தம் வீட்டு மூலையிலேயே அமைத்துக்கொள்கின்றனர். இஃது எவ்வாறு இயலுவதாயிற்று?

இங்கு ஒரு புதிர் எழுகின்றது. செம்மையான இயந்திரத்தைச் செய்வதற்குச் செம்மையான இயந்திரம் வேண்டும். அவ்வாறாயின் முதலாவது செம்மை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண நாம் இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இலண்டன் நகருக்குச் செல்லவேண்டும். பூட்டுச் செய்வதிற் பெயர்பெற்ற பிராமா என்பவரின் பட்டறையில் வேலை பழகியவர் ஹென்றி மோட்ஸ்லி. 1771இற் பிறந்த அவர், 1800ஆம் ஆண்டளவில், திருகுத் தண்டுகளைச் சீராக வெட்டும் கடைசல் இயந்திரம் ஒன்றை அமைத்தார். ஒருவன் தன் கையாலே உளியைப் பிடித்துத் திருகு வெட்டினால் ஒரு சுற்றுப் போல் மறு சுற்று அமையாது. மோட்ஸ்லி உளியைக் கையினின்றும் விடுவித்து, நேரான தண்டவாளத்தின்மேல் நகரும் வண்டியொன்றிற் பொருத்தினார். அந்த வண்டியை மற்றொரு திருகுத் தண்டு நகர்த்துமாறு செய்தார். ஒரு நல்ல திருகிலிருந்து மற்றொரு நல்ல திருகு பிறந்தது. பிழையைத் திருத்தித் திருத்தி வெட்டியமையால், மகள் தாயினும் சிறந்தவளாக விளங்கினாள். இன்று வீட்டிற் செய்யப்படும் துருவல் இயந்திரத்திலும் மேசையை நகர்த்துவது பெரும்பாலும் இத்தகைய திருகுத் தண்டே.

மோட்ஸ்லியின் பட்டறையிற் பயின்றோருள் ஒருவர் ஜோசப் விட்வேர்த். 1840இல் கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய அறிஞர் மாநாட்டில், உண்மையான சமதளத்தை உருவாக்குவது எங்ஙனம் என்பதை அவர் விளக்கினார். அம்முறை எளிமையானது, ஆயினும் வியக்கத்தக்கது. இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துச் சுரண்டிக்கொண்டே போனால் முடிவில் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்திவிடும். ஆனால், அவை தட்டையானவை என்று துணிய முடியாது. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலுங்கூட அவை பொருந்தும். விட்வேர்த் கூறிய வழியில் மூன்று தட்டுகள் உண்டு. முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாறி மாறிப் பொருத்தவேண்டும். ஒன்றின்மேற் சாயம் பூசி மற்றதன்மேல் வைத்துத் தேய்த்தால் மேடான இடங்களிற் சாயம் ஒட்டும். அவ்விடங்களை மட்டும் கைச்சுரண்டியாற் சிறிது சிறிதாகச் சுரண்டவேண்டும். மூன்றும் தம்முள் எவ்வாறு மாற்றி வைத்தாலும் பொருந்துகின்ற நிலை வந்துவிட்டால், மூன்றும் சமதளமாக இருந்தே தீரவேண்டும், வேறு வழியில்லை. குழிந்த தட்டுக்குப் புடைத்த தட்டு இணையாகலாம். ஆனால், அவ்விரண்டிற்கும் ஒருங்கே இணையாகும் மூன்றாவது தட்டு ஒன்று இருத்தல் இயலாது.

நேயர்கள் இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். இந்தச் செம்மையைப் பெறுவதற்கு முன்னரே செம்மையான வேறொரு பொருள் வேண்டியதில்லை. மூன்று தட்டுகளும் ஒரு சுரண்டியும் பொறுமையும் போதும். அடுத்த ஆண்டில், அதாவது 1841இல், திருகாணிகளுக்கு ஒரே சீரான அளவுத்திட்டத்தையும் விட்வேர்த் முன்வைத்தார். அதற்கு முன்னர் ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் சுரைக்குப் பொருந்தாது. எங்கோ செய்த உதிரிப்பாகம் எங்கோ உள்ள இயந்திரத்திற் சென்று அமர்கின்றதென்றால், அத்தகைய பொது அளவுகளே அதற்குக் காரணம்.

அடுத்த பெரும் பாய்ச்சல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டரின் சுழலலகுகளைச் செய்து வந்தார். அவற்றின் வளைவைக் காட்டும் அச்சுத் தகடுகளைச் செம்மையாக வெட்டுவது கடினமாயிருந்தது. வளைவின்மேல் உள்ள புள்ளிகளைத் துளையட்டைக் கணிப்பொறியாற் கணக்கிட்டு, அந்த எண்கள் வாசிக்கப்பட, தொழிலாளர் கைப்பிடிகளைத் திருப்பி ஒவ்வொரு புள்ளியாக வெட்டும் முறையை அவரும் அவருடைய துணைவரான பிராங் ஸ்டூலனும் கையாண்டனர். எண்களை மனிதர் வாசிப்பானேன், இயந்திரமே வாசித்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து முளைத்தது. துளையிட்ட அட்டை தறியை ஆளுவதை 1804ஆம் ஆண்டளவிலேயே பிரான்சு நாட்டு ஜக்கார்ட் காட்டியிருந்தார். இப்பொழுது அவ்வெண்ணம் உலோகத்திற்கு வந்தது. 1949இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தது. மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடம் 1952இல் எண்ணின் ஆணைப்படி இயங்கும் துருவல் இயந்திரத்தை உலகினருக்கு இயக்கிக் காட்டியது. அதன் மூளை வெற்றிடக் குழாய்களால் ஆனது. அதனை வைப்பதற்குப் பெரிய அலமாரிகள் பல தேவைப்பட்டன. வல்லரசு ஒன்றின் கருவூலம் இல்லாமல் அக்காலத்தில் அதனை நினைத்தும் பார்க்க முடியாது.

அந்த மூளை சுருங்கியதே எஞ்சிய வரலாறு. 1971இல் ஒரே சில்லில் அடங்கிய நுண்செயலி விற்பனைக்கு வந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவருக்கெனக் குறைந்த விலையில் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை உருவானது. அப்பலகையைக் கொண்டே துருவல் இயந்திரத்தை ஆளக்கூடிய ஜிஆர்பிஎல் என்னும் செய்நிரல் 2009இல் இலவசமாக வெளியிடப்பட்டது. விமானப்படையின் அலமாரிகள் செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் பலகை செய்கின்றது.

ஆயினும் மூளை மட்டும் உடலாகாது. உடலை வீட்டிலே செய்வது எப்படி என்று காட்டியவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாழ்ந்த டேவிட் ஜிஞ்சரி. 1980ஆம் ஆண்டளவிலிருந்து அவர் ஏழு சிறு நூல்களை எழுதினார். முதலாவது நூல் மரக்கரியால் எரியும் சிறு உலைக்களம் ஒன்றை அமைக்கக் கற்பிக்கின்றது. அவ்வுலையிற் பழைய அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் வார்த்து, கடைசல் இயந்திரம் செய்வது அடுத்த நூல். பின்னர் அந்தக் கடைசல் இயந்திரத்தின் துணைகொண்டு ஏனைய இயந்திரங்களைச் செய்யவேண்டும். துருவல் இயந்திரமும் அவற்றுள் ஒன்று. பாதி முடிந்த இயந்திரம் தன் மீதிப் பாதியைத் தானே செய்துகொள்ளும் விந்தையை அங்கே காண்கின்றோம். மோட்ஸ்லியின் பட்டறையில் நிகழ்ந்ததும் இதுவேயன்றோ?

இனி, வீட்டிற் செய்யும் எண்ணாளுகை இயந்திரம் இயங்குமாற்றைக் காண்போம். ஸ்டெப்பர் மோட்டார் என்பது ஏனைய மோட்டார்களைப் போல வழுவழுவென்று சுழல்வதில்லை. அடி அடியாக எடுத்துவைத்துச் சுழல்கின்றது. பொதுவாகக் கிடைக்கும் மோட்டார் ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுத் தண்டோடு அதனைப் பிணைத்தால், ஓரடிக்கு மேசை 0.025 மில்லிமீற்றர் நகரும். இது தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. மேசை 10 மில்லிமீற்றர் நகரவேண்டுமாயின் மின்பலகை 400 துடிப்புகளை அனுப்புகின்றது. மூன்று திசைகளுக்கும் மூன்று மோட்டார்கள். மூன்றும் ஒத்திசைந்து நடந்தால் வளைவும் வட்டமும் பிறக்கும்.

கணக்கு இவ்வாறு இனிக்கின்றது. இரும்பு அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை. திருகுத் தண்டுக்கும் அதன்மேல் ஏறியிருக்கும் சுரைக்கும் இடையே சிறு தளர்ச்சி இருக்கும். பழைய துவிச்சக்கர வண்டியின் சங்கிலி தளர்ந்திருந்தால், மிதியைத் திருப்பி மிதிக்கும்போது சிறிது தூரம் வெறுமையாகச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே மேசை திசை மாறும்போது மோட்டார் சுழன்றும் மேசை அசையாது நிற்கும். அதனால் வட்டம் வெட்டவேண்டிய இடத்தில் முட்டை வடிவம் விழும். இரண்டு சுரைகளை ஒன்றையொன்று நெருக்குமாறு பூட்டி இத்தளர்ச்சியைக் குறைப்பர். சட்டகம் வலுவற்றதாயின் வெட்டுளி உலோகத்தைத் தொட்டவுடன் முழு இயந்திரமும் நடுங்கும். பலகையாற் செய்த சட்டகம் மரத்தை வெட்டும், இரும்பை வெட்டாது. பாரமான வார்ப்பிரும்பை அக்காலத்தவர் விரும்பியது அதனாலேயே. முதலாம் உலகப்போர்க் காலத்தில், வார்ப்பிரும்புச் சட்டத்தின் இடத்தில் கொங்கிரீற்றைப் பயன்படுத்திக் கடைசல் இயந்திரங்கள் அமைத்ததும் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படையானது நேர்மையும் செங்கோணமும். தண்டவாளம் கோணினால், எத்துணை நுட்பமான செய்நிரலும் அக்கோணலையே நுட்பமாக வெட்டித் தரும். எண்களை விலைக்கு வாங்கலாம். நேர்கோட்டை மூலைமட்டத்தோடும் சுரண்டியோடும் உட்கார்ந்து உழைத்தே பெறவேண்டும்.

இவ்விடத்திலேதான் நம் குடாநாட்டின் கதை வந்து சேர்கின்றது. கையின் செம்மை இம்மண்ணுக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் கடல்கள் பல கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கண்ணளவும் நூலளவும் கைவந்த ஓடாவிமாரின் திறமைக்கு அது சான்று. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டிற் கிணறே உழவனின் உயிர். நெடுங்காலம் துலாமிதித்து நீர் இறைத்த தோட்டங்களுக்குச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஊர்கள்தோறும் திருத்துநரும் கடைசற் பட்டறைகளும் தோன்றினர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்ததில் அப்பட்டறைக்காரருக்கும் பங்குண்டு.

அவர்களின் அருமை துன்பக் காலத்தில் வெளிப்பட்டது. 1990இற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு என எத்தனையோ பொருள்கள் தடைசெய்யப்பட்டன. அந்நாளில் மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயால் ஓடின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். பழுதான உறுப்பிற்குப் பதில் உறுப்பு வெளியிலிருந்து வாராதபோது, பழைய இரும்பிலிருந்து அதனைக் கடைந்தெடுத்தனர். ஒரு தேய்ந்த தண்டைப் புதுக்கித் தந்த தொழிலாளி, ஒரு தோட்டத்தின் பயிரையும் ஒரு குடும்பத்தின் உணவையும் காத்தான் என்றால் அது மிகையன்று. இயந்திரங்களின் தாய் ஓர் ஊரில் இருப்பதன் பொருள் அதுவே. 2022இல் நாடு முழுவதும் அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, இறக்குமதியை மட்டும் நம்பியிருப்பதன் இடர் என்னவென்பதை இலங்கையர் அனைவரும் ஓரளவு உணர்ந்தனர்.

அந்தக் கைகள் இன்று முதுமை எய்துகின்றன. உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பத் துறை 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இயங்குகின்றது. நம் மாணவர் செய்நிரல் எழுத விரைந்து கற்கின்றனர், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அரத்தைப் பிடித்து ஓர் இரும்புத் துண்டின் முகத்தைத் தட்டையாக்கும் பயிற்சியைத் தாழ்ந்த வேலையென்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். புத்தகம் படித்தவனுக்குப் பட்டறை ஆகாது என்னும் இவ்வெண்ணம் நமக்குப் பெருங்கேடு விளைக்கும்.

வீட்டிற் செய்யும் துருவல் இயந்திரம் இவ்விரு பிரிவினரையும் ஒரே மேசைக்கு அழைக்கின்றது. அதற்கு மாணவனின் எண்ணும் வேண்டும். முதிய தொழிலாளியின் கையும் வேண்டும். ஒரு பாடசாலை, தன் ஊரிலுள்ள கடைசற் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து, பத்து மாணவரை அவரருகில் அமர்த்தி, மூன்று இரும்புத் தட்டுகளை அவர்கள் கையிற் கொடுக்குமாயின் போதுமான தொடக்கமாகும். அவர்கள் முதலிலே சமதளத்தைச் செய்யட்டும். பின்னர் மோட்டாரையும் மின்பலகையையும் பூட்டட்டும். அவ்வியந்திரம் தொழிற்சாலை இயந்திரத்துக்கு நிகராகாமற் போகலாம். ஆயினும், தேய்ந்த உறுப்பொன்றை அளந்து, வரைந்து, தாமே வெட்டி எடுக்கும் ஆற்றல் அம்மாணவரிடம் தங்கும். அந்த முதிய கைகள் ஓய்வதற்கு முன் இதனைச் செய்து முடிப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.