பைராம் என்னும் பெயரும் இலேசான பறவைத் துப்பாக்கியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், நிபோங் திபாலைச் சூழ்ந்த தோட்டப் பெயர்களுள் பைராம் என்பதும் ஒன்றாகும். பக்கத்துத் தோட்டமான கலிடோனியா ஸ்காட்லாந்தின் பழம்பெயரைத் தாங்கியது என்பதை ஆசிரியர் பலர் அறிவர். பைராம் என்ற பெயரின் ஊற்றையோ நம்மவர் பெரிதும் வினவியதில்லை. அது இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ராம்ஸ்டன் பிரபுக் குடும்பம் வாழ்ந்த மாளிகையின் பெயர். அக்குடும்பத்தின் ஐந்தாம் பாரனட்டான சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் (1831–1914), தம் சகோதரியின் கணவரும் நாடாளுமன்ற உறுப்பினருமாகிய எட்வர்ட் ஹார்ஸ்மனுக்குப் (1807–1876) பின் இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களின் உடைமையாளரானார். அவரே 1871-இல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில், லாகன் ஏரிக்கரையில், ஆர்ட்வெரிக்கி என்னும் பெரும் வேட்டை நிலத்தையும் விலைக்கு வாங்கினார். தமிழ்க் கூலிகள் கரும்பு வெட்டிய சமநிலமும், கிரவுஸ் பறவையும் மானும் வேட்டையாடப்பட்ட மேட்டுநிலமும் இவ்வாறு ஒருவர் உடைமையில் அமைந்தன.

தோட்ட வரலாற்றை எழுதும் நாம் கூலி, கள்ளுக்கடை, லயம், கங்காணி ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதியுள்ளோம். துரைமார் கையாண்ட பொருள்களை, அவற்றின் உள்ளிலக்கணத்தை அறிந்து எழுதியது குறைவு. துப்பாக்கி நம் கட்டுரைகளில் அதிகாரத்தின் அடையாளமாக மட்டுமே வந்து போகின்றது. அது எவ்வகைத் துப்பாக்கி, என்ன எடை, எதற்காக அவ்வெடை என்ற வினாக்கள் எழுவதில்லை. பறவை வேட்டைக்குரிய இலேசான பழைய ஆங்கிலத் துப்பாக்கி எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது, இன்றும் அதனைச் சேகரிப்போர் எவ்வாறு தெரிந்தெடுக்கின்றனர் என்பதை விளக்குவதே இங்கு நம் நோக்கம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். பிரிட்டனின் பறவை வேட்டை இருவகைப்படும். ஒன்று, ஆள்கள் பறவைகளை விரட்டிவர, மறைப்பில் நின்றவாறே சுடுவது. அங்குச் சுடுபவர் நடப்பதில்லை. இரு துப்பாக்கிகளும், அவற்றில் தோட்டா நிரப்பித் தர ஓர் உதவியாளரும் அவருக்கு உண்டு. மற்றது, நாயின் துணையுடன் புதர்க்காட்டில் நாள் முழுதும் நடந்து, எழும் பறவையைச் சுடுவது. முன்னதற்குச் சற்றுக் கனமான துப்பாக்கியே நன்று. பல முறை சுடும்போது பின்னுதைப்பைக் கனம் தாங்கிக்கொள்ளும். பின்னதற்கோ இலேசானதே வேண்டும். காலை முதல் மாலை வரை சுமந்து, சுடுவதோ சில தடவையே என்னுமிடத்துக் கணக்கு மாறிவிடுகின்றது.

பைராம் தோட்டம் மேட்டுநிலம் அன்று. கடலோரச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். ஆயினும் இவ்வட்டார நெல்வயல்களுக்குச் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் பறவை, மலாயாவின் ஆங்கிலேயர்க்குக் கிரவுஸின் இடத்தை நிரப்பியது. நூறு கிராமைச் சற்றே மிஞ்சும் அச்சிறு பறவை, காலடிச் சேற்றிலிருந்து திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். முழங்கால் சேற்றில், வெயிலில், நடந்தே அதனைச் சுட வேண்டும். எனவே மேட்டுநிலத்து நடை வேட்டைக்கு வகுத்த அளவுகோல் இவ்வயலுக்கும் பொருந்தியது.

அவ்வளவுகோலை வகுத்துரைத்தவருள் பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் முதன்மையானவர். தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருத்தல் வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. ஓர் அவுன்ஸ் ரவைக்கு 96 அவுன்ஸ், அதாவது 6 இறாத்தல், ஏறத்தாழ 2.7 கிலோ. ரவையை முக்காலே அரைக்கால் அவுன்ஸாகக் குறைத்தால் ஐந்தேகால் இறாத்தல் போதும். உள்ளானுக்கு இச்சிறு அளவே மிகுதி. இலேசான துப்பாக்கியில் கனமான தோட்டாவை இட்டுச் சுடுபவர் தம் தோளையும் துப்பாக்கியின் பூட்டையும் ஒருங்கே வருத்துகிறார். தெரிவு என்பது துப்பாக்கியிலிருந்து அன்று, தோட்டாவிலிருந்து தொடங்குகின்றது என்பதே இவ்விதியின் சாரம்.

பலர் இங்குக் குழல்விட்டத்தை நோக்கி மயங்குவர். 12 என்றும் 20 என்றும் வழங்கும் எண்கள், குழலுக்குப் பொருந்தும் ஈயக்குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் ஆகும் என்பதைக் குறிப்பன. எண் கூடக் குழல் ஒடுங்கும். 20 எண் துப்பாக்கி பொதுவில் இலேசானது என்பது மெய்யே. ஆயினும் இரண்டு அங்குலத் தோட்டாவுக்கென ஆங்கிலேயர் செய்த 12 எண் துப்பாக்கிகள் அதற்கு நிகரான இலேசுடையவை. குழலின் நீளமும் கணக்கில் வரும். 30 அங்குலம் இயல்பாயிருந்த காலம் போய் 28 வழக்காயிற்று. 1920களில் இராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழலைப் பரப்பினார். 1875-இல் ஆன்சன், டீலி ஆகிய இருவர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய பாக்ஸ்லாக் பொறியமைப்பு உறுப்புகளைக் குறைத்தது, விலையும் இறங்கியது. பெயர் பெற்ற இலண்டன் நிறுவனங்களின் பக்கப்பூட்டுத் துப்பாக்கி அழகுடையதெனினும், நடுத்தர வருவாயினர்க்குப் பர்மிங்காமின் பாக்ஸ்லாக்கே தகும் என்பது நம் கருத்து.

நாம் இங்கிலாந்தில் ஆய்வு மாணவராக இருந்த காலை, ஏலம் ஒன்றின் முன்பார்வையில் அத்தகைய துப்பாக்கி ஒன்றைக் கையில் ஏந்தும் வாய்ப்புக் கிட்டியது. குடைபோல் இலேசாக இருந்தது, வியந்து நின்றோம். அருகிலிருந்த முதியவர் ஒருவர் குழலை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இது இலேசாகப் பிறந்ததன்று, இலேசாக ஆக்கப்பட்டது என்றார். அவ்வுரையின் பொருள் பின்னரே விளங்கிற்று. பழந்தோட்டாக்களின் எரிபொருள் எச்சம் குழலின் உட்பரப்பை அரிக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அவ்வரிப்பு விரைந்து பரவும். குழிகளை நீக்க உட்புறத்தைத் தேய்த்து மெருகிடுவர். ஒவ்வொரு தேய்ப்பிலும் சுவர் மெலியும். மலாயாவிலோ சென்னையிலோ அரை நூற்றாண்டு கிடந்து திரும்பிய துப்பாக்கி இலேசாகத் தோன்றினால் முதலில் ஐயுறவே வேண்டும்.

எனவே தெரிந்தெடுப்போர் எடையை நிறுத்தபின் சுவர்க்கனத்தைக் கருவியால் அளப்பர். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், தாழ்ந்த எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. அடுத்துச் சோதனை முத்திரை. இலண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள் குழலில் பொறிக்கும் குறிகளைக் கொண்டு, அது கரும்பொடிக்கு மட்டும் உரியதா, புகையற்ற பொடியையும் தாங்குமா என அறியலாம். முத்திரையின் எல்லையை மீறித் தேய்ந்த குழலை விற்பது பிரிட்டனில் 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தோட்டா அறையின் நீளமும் நோக்கத்தக்கது. பழையன பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இற்றைத் தோட்டாக்களில் பல இரண்டேமுக்கால். நீண்டதைக் குறுகிய அறையில் இடுதல் அழுத்தத்தைக் கூட்டும். தோள்கட்டையின் நீளமும் வளைவும் முதல் உடைமையாளரின் உடலளவுக்குச் செதுக்கப்பட்டவை. பிறர்க்குப் பொருந்துமா என்பதை ஏந்திப் பார்த்தே அறிய வேண்டும். மலேசியாவிலோ இவற்றையெல்லாம் எண்ணுவதற்கு முன்பே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் உரிமமும், பறவையைச் சுடுவதற்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமமும் குறுக்கே நிற்கும்.

வரலாற்றாய்வாளர்க்கு இத்துப்பாக்கிகள் தரும் மற்றொரு பயன் ஏடுகள். பர்டி போன்ற இலண்டன் நிறுவனங்கள் தாம் செய்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் இட்டு, வாங்கியவர் பெயரை ஏட்டில் பதிந்து வைத்துள்ளன. நூறாண்டுக்குப் பின்னும் எண்ணைச் சொன்னால் முதல் உடைமையாளர் யாரெனக் கூறிவிடுவர். அதே காலத்தில் தோட்டத்துச் செக்ரோல் ஏட்டில் காலைப் பெரட்டுக்கு வந்தவர் பெயர், வேலைநாள், பிடித்தம் ஆகியன பதியப்பட்டன. ஒன்று தோளின் நீளத்தை அரைக்கால் அங்குலம் வரை நுணுகி அளந்தது. மற்றொன்று தோளின் உழைப்பை அரை நாள் வரை நுணுகி அளந்தது. இவ்விருவகை ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வு நம்மிடையே இன்னும் உருப்பெறவில்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்று, கரும்பு போய் இரப்பர் வந்த காலத்து மாற்றங்களை அத்தகைய ஆய்வு வேறோர் ஒளியில் காட்டக்கூடும்.

ராம்ஸ்டன் குடும்பத்தின் பிற்கதையை நிபோங் திபால் மக்கள் அறிவர். 1920-இல் அக்குடும்பம் ஹடர்ஸ்ஃபீல்டு நகர நிலங்களை அந்நகராட்சிக்கே விற்றது. 1948 ஜூனில், அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்னர், ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் கலிடோனியா தோட்டத்து மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 99 கதவு மாளிகை என்று பெயர் பெற்ற அவ்வீடு இன்று பாழடைந்து நிற்கின்றது. யார்க்ஷயரின் பைராம் மாளிகையிலும் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. இங்கோ அப்பெயர் கடலோரச் சதுப்புக் காட்டிற்கும் வழங்குகின்றது. செப்டம்பரில் உள்ளான்கள் இப்பக்கம் இன்னும் வந்திறங்குகின்றன.