இருப்பதோ ஒரே இடம்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய பொட்டலில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடும்போது பாருங்கள். பேட்டிங்குக்கு அடிதடி நடக்கும். கீப்பிங்குக்கு மட்டும் ஆள் பிடிக்க வேண்டும். "நீ போடா பின்னாடி" என்று யாராவது ஒருவன் தள்ளப்படுவான்.

அமெரிக்க பேஸ்பாலில் இதே வேலையைச் செய்பவர் கேட்சர். இளம் கேட்சர்களை மைனர் லீக் அணிகளில் வருடக்கணக்கில் ஆடவிட்டுப் பழக்குவார்கள். நமக்கு அந்தப் பட்டறை சென்னை லீக். நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து நடத்தும் அணிகள். ஆனால் தொழிலைக் கற்றால் மட்டும் போதாது. அணியில் பேட்ஸ்மேன் ஆறு பேர், பௌலர் நாலைந்து பேர், கீப்பர் ஒருவர்தான். அந்த ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு வழி.

1979இல் கிர்மானி இங்கிலாந்துப் பயணத்திலிருந்து நீக்கப்பட, சென்னையின் பரத் ரெட்டிக்கு நான்கு டெஸ்ட்களும் கிடைத்தன. கடைசி டெஸ்ட் ஓவலில். இலக்கு 438. கவாஸ்கர் 221 அடித்தும், ஆட்டம் முடிந்தபோது இந்தியா 429/8. ஒன்பது ரன் பாக்கி. களத்தில் ஆட்டமிழக்காமல் நின்றவர்களில் ஒருவர் ரெட்டி. அடுத்த தொடரில் கிர்மானி திரும்பினார். ரெட்டிக்கு அதற்குப் பிறகு டெஸ்டே இல்லை.

தினேஷ் கார்த்திக் 2004இல் லார்ட்ஸில் ஒருநாள் ஆட்டத்திலும், அதே வருடம் மும்பையில் டெஸ்டிலும் அறிமுகமானார். 2005 டிசம்பரில் அந்த இடம் தோனிக்குப் போனது. தோனியின் முதல் டெஸ்ட் நடந்தது கார்த்திக்கின் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில்! மனுஷன் ஓய்ந்துவிடவில்லை. 2007 இங்கிலாந்துத் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ரன் எடுத்தார். இந்திய அணியில் அதுவே அதிகம். கீப்பராக அன்று நின்றவர் தோனி. 2010க்குப் பிறகு எட்டு வருடம் காத்திருந்து, சாஹாவுக்குக் காயம் என்றபோது 2018இல் மறுபடி டெஸ்ட் ஆடினார். மொத்தம் 26.

2025இல் ரிஷப் பண்ட்டின் கால் எலும்பு முறிந்தது. கோயம்புத்தூர் ஜெகதீசனை அணியில் சேர்த்தார்கள். 2022இல் ஒரே ஒருநாள் ஆட்டத்தில் 277 அடித்தவர். சேர்ந்த டெஸ்டும் ஓவலில்தான். கையுறை துருவ் ஜுரெலுக்குப் போக, இவர் வெளியே உட்கார்ந்திருந்தார். இந்தியா ஆறு ரன்னில் ஜெயித்தது.

மூவரிடமும் திறமைக் குறைவு இல்லை. இன்னொருவரின் காயமோ சறுக்கலோ திறந்துவிடும் கதவுக்கு முன்னால், தயாராக நிற்பதும் கீப்பரின் வேலைதான். லீக்கில் எந்தக் கோச்சும் அதைச் சொல்லித்தர முடியாது.